ஏழு இல்லை, நாலு இல்லை

அத்தியாயம் பதினொன்று

ரபி காஸ்னர் ஓய்வு பெறப் போகிறார் என்று கேட்டு ஹார்லோ நகரத்து யூதர்களின் நாஹலத் யோனா சபை அழுது முடித்ததையும், அழுத கையோடு ஒரு கமிட்டி போட்டதையும் வாரந்தோறும் படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றுதான் உள்ளே வருகிறவர்களுக்கு இவ்வளவு போதும். முப்பத்தொரு வருஷம் குருவாக இருந்த ரபி ஜூன் கடைசியில் போகிறார். அடுத்த ரபியை அவசரப்பட்டுப் பிடித்துவிடக் கூடாது, நடுவில் ஒரு வருஷத்துக்கு இடைக்கால ரபி ஒருவர் இருக்கட்டும் என்கிறது, சபைகளுக்கு ரபி தேடித் தரும் நியூயார்க் அலுவலகம். அந்த ஒருவரைத் தேடும் முன் பத்தொன்பது பக்கப் படிவம் ஒன்றை நிரப்பியாக வேண்டும். நிரப்பும் கமிட்டிக்குத் தலைவி ரோஸ்லின் டைட்டல். சபைக்கே தலைவர் அவள் கணவன் மார்ட்டி. ஒரே வீட்டில் இரண்டு தலைவர்கள் இருந்தால் பாத்திரம் யார் கழுவுவது என்பதை மட்டும் எந்தக் கமிட்டியும் இதுவரை எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுடைய ஒரே மகள் டெவ்ராவுக்கு ஆகஸ்ட் கடைசி ஞாயிறு கல்யாணம்.

பதவியை விட்டுப் போகிற ரபி ஒரு வருஷத்துக்குப் பழைய சபைப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது விதி. கல்யாணம், சாவு, பெயர் வைப்பது எதற்கும் அவரைக் கூப்பிடக் கூடாது. புதிதாக வருகிறவர் காலூன்ற வேண்டுமாம். டெவ்ராவுக்குப் பெயர் வைத்தவர் காஸ்னர்தான். அவரே தன் கல்யாணத்தையும் நடத்தி வைக்க வேண்டும் என்று ஆறு வயதிலேயே முடிவு செய்துவிட்டவள் அவள். மாப்பிள்ளை கேலப்பைத்தான் பிறகு தேடினாள்.

ஆகவே போன ஞாயிறு ரோஸ்லின் படிவத்தில் ஒன்பதாவதாக ஒரு நிபந்தனையைச் செருகினாள். ‘பழைய உறுப்பினர் வீட்டு விசேஷங்களுக்கு முதல் ஒரு வருஷம் ரபி காஸ்னரையே அழைத்துக்கொள்ள, வருகிறவர் சம்மதிக்க வேண்டும்.’ விசேஷங்கள் என்று பன்மையில் போட்டது ஒரு நாகரிகத்துக்கு. ஓட்டுக்கு விட்டார்கள். ஆதரவாக ஏழு கை, எதிராக நாலு கை. ஜெயித்தாள்.

ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு, ஒரு கையில் காபியுடன் கூட்டக் குறிப்பைத் திறந்தாள்.

“மார்ட்டி! இங்க வா!”

“என்ன, வழுக்கி விழுந்துட்டியா?” என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

“நான் விழல. ஒன்பதாவது விழுந்துடுச்சு!”

மார்ட்டி ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு இறங்கி வந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். ‘ஒன்பதாவது நிபந்தனை. இல்லை: ஏழு. மேலும் இல்லை: நாலு. மொத்தம் பதினொன்று. ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.’

“ஏகமனதாவா?” மார்ட்டி நிமிர்ந்தான். “என் தலைமைக் காலத்துல ஏகமனதா எதுவுமே நடந்ததில்ல! எந்தக் காபித் தூள் வாங்கறதுன்னு முடிவு பண்ணவே மூணு கூட்டம் போட்டோம்!”

“கிரெட்சன் தப்பா எழுத மாட்டாளே.”

அது உண்மை. காரியதரிசி கிரெட்சன் லீபோவிட்ஸ், மாவட்டக் கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷமாகச் சுருக்கெழுத்து எழுதுகிறவள். மினசோட்டாவில் லூத்தரன் குடும்பத்தில் பிறந்து, ஆறு வருஷம் முன்பு யூதராக மாறியவள். பிறப்பால் யூதர்களாக இருப்பவர்களுக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும், படித்திருக்கிறாள். காதில் விழுந்ததை எழுதுவாள், விழாததை எழுத மாட்டாள். போன வாரம் அவள் கார் பனியில் மாட்டிக்கொண்டதால், கூட்டத்தை முழுக்கப் போனில் கேட்டுத்தான் எழுதினாள்.

போனில் கேட்டு.

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் மேஜையின் மறுகோடிக்குத் திரும்பினார்கள். அங்கே மார்ட்டியின் அப்பா மில்ட், வயது எண்பத்தாறு, பேகல் ரொட்டியின் மேல் ஊறவைத்த ஹெர்ரிங் மீனை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மாமா,” என்றாள் ரோஸ்லின் மெதுவாக. “போன வாரம் கை எண்ணினது நீங்கதானே?”

“நாப்பது வருஷமா நான்தான் எண்றேன்.”

“எப்படி எண்ணினீங்க?”

“எப்படி எண்ணுவாங்க? மனுஷங்களை எண்ற மாதிரிதான். ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல...”

ரோஸ்லின் காபியைக் கீழே வைத்தாள்.

ஆளை எண்ணினால் கண் பட்டுவிடும் என்பது பழைய யூதர்களின் நம்பிக்கை. அதனால் எண்ணுகிறவன், எண்ணிக்கொண்டே எண்ணவில்லை என்று மேலே இருப்பவரிடம் சாதிக்க வேண்டும். ஜெபத்துக்குத் தேவையான பத்துப் பேர் சேர்ந்தார்களா என்று பார்த்து மில்ட் ‘பத்து இல்ல’ என்று சொன்ன பிறகுதான் நாஹலத் யோனாவில் ஜெபமே ஆரம்பிக்கும். நாற்பது வருஷத்தில் ஒருவருக்கும் குழப்பம் வந்ததில்லை. ஏனென்றால் நாற்பது வருஷத்தில் ஒருவரும் அதை எழுதி வைத்ததில்லை.

“மாமா, அது ஆள் இல்ல. கை! கையைத்தானே எண்ணினீங்க!”

“கைக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கானா, இல்லையா?”

“சரி, முடிவை நீ அறிவிச்சிருக்கலாமே?” என்று ரோஸ்லின் கணவன் பக்கம் திரும்பினாள்.

மார்ட்டி சாக்ஸ் இல்லாத காலைப் பார்த்தான். அறிவிக்கத்தான் போனான். தன் பெயர் பொறித்து ஆர்டர் கொடுத்து வரவழைத்த தலைவர் சுத்தியலை ஓங்கி மேஜையில் அடித்ததில் அதன் தலை கழன்று பியானோவுக்கு அடியில் ஓடிவிட்டது. கமிட்டி முழுவதும் மண்டியிட்டுத் தேடியது. சுத்தியல் கிடைத்தது. அதற்குள் கேக் வந்துவிட்டது.

“ரெண்டு மணிக்குள்ள படிவத்தை அனுப்பணும்,” என்றாள் ரோஸ்லின், கோட்டை மாட்டிக்கொண்டே. “பதினோரு மணிக்குக் கமிட்டி. அங்க திருத்திடலாம். ரபியோட சம்மதக் கடிதமும் சேர்த்து அனுப்பணும். நான் போய்க் கையெழுத்து வாங்கிட்டு வரேன்.”

“ஒரு ஆள் போறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்றார் மில்ட் வாய் நிறைய மீனோடு.

“ஒரு ஆள் இல்ல மாமா,” என்றாள் ரோஸ்லின் கடுப்பாக.

“அப்படித்தான் சொல்லணும்,” என்று மில்ட் மெச்சினார்.

காரில் ஏறியதும் சிகாகோவிலிருந்து டெவ்ரா கூப்பிட்டாள்.

“அம்மா, ஒன்பதாவது கிடைச்சுடுச்சா?”

“கிடைச்சுது. அப்புறம் காணாமப் போச்சு. மத்தியானத்துக்குள்ள திரும்பக் கிடைச்சிடும்.”

“புரியல.”

“உங்க தாத்தா எண்ணினார்.”

“ஓ,” என்றாள் டெவ்ரா. அந்தக் குடும்பத்தில் பிறந்தவள், மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை. “அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? பூ இல்லாட்டிப் பரவாயில்ல. பாட்டுக் கோஷ்டி வேணாம். அந்த ஹாலும் வேணாம். கேலப் கூட...”

“ஏய்!”

“சரி, கேலப் வேணும். ஆனா முன்னாடி நிக்கறது ரபி காஸ்னரா இருக்கணும். முன்னப்பின்ன தெரியாத யாரோ ஒருத்தர், என் பேரைச் சீட்டுல பார்த்துப் படிச்சா நான் அங்கேயே அழுதுடுவேன்.”

“அவர்தான் நிப்பார். அம்மா சொல்றேன்ல?”

சொல்லிவிட்டாள். பனிக்கு உப்புத் தூவிய சாலையில் சக்கரம் நறநறவென்றது.

காஸ்னரின் அறை முழுக்க அட்டைப் பெட்டிகள். ஜூன் வர இன்னும் நாலு மாதம் இருந்தது, ஆனால் அவர் மனைவி எஸ்தெல் இப்போதே தொடங்கச் சொல்லிவிட்டாள். ரபி தரையில் உட்கார்ந்து ஹனுக்கா பண்டிகை விளக்குத்தண்டுகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார்.

“இருபத்தாறு,” என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல். “எல்லாம் பரிசா வந்தது. ரபிகிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்குமேன்னு ஒருத்தருக்கும் தோணல பார். இதுல ஒண்ணு நீ குடுத்தது.”

“ரெண்டு,” என்று ஒத்துக்கொண்டாள் ரோஸ்லின். கைப்பையைத் திறந்தாள்.

“அதைப் பையிலேயே வச்சுக்கோ.”

“என்னன்னு தெரியாமலேயேவா?”

“ஒன்பதாவது நிபந்தனை. மில்ட் வியாழக்கிழமையே வந்து சொல்லிட்டார். ஏழு இல்லன்னார். எனக்குப் புரிஞ்சுது.” ரபி எழுந்திருக்க முயன்று, முட்டி ஒத்துழைக்காமல், ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்தார். “கேட்டுடாதே, ரோஸ்லின். நீ கேட்டா எனக்கு மறுக்கத் தெரியாது. முப்பத்தொரு வருஷமா நான் கத்துக்காம விட்டது அது ஒண்ணுதான். எஸ்தெலைக் கேளு, பட்டியலே வச்சிருக்கா.”

“மறுக்கத் தெரியாட்டி மறுக்காதீங்க. யார் மறுக்கச் சொன்னா?”

அவர் காதைச் சொறிந்தார். பெரிய காதுகள். வயதானபின் தலை கொஞ்சம் சுருங்கி, காது அப்படியே நின்றுவிட்டதால் இன்னும் பெரிதாகத் தெரிந்தன.

“உன் கல்யாணம் ஞாபகம் இருக்கா?”

“இதென்ன கேள்வி? நீங்கதானே நடத்தி வச்சீங்க.”

“யார் நடத்தறதா இருந்துது?”

ரோஸ்லினுக்கு, முப்பத்தொரு வருஷமாக மறந்திருந்த ஒரு கறுப்பு அங்கி அந்துருண்டை வாடையோடு நினைவுக்கு வந்தது.

“ரபி ப்ளைஷாக்கர்,” என்றாள்.

“அவரேதான். ஓய்வு வாங்கிட்டு ஊர்லயே தங்கிட்டார். வாராவாரம் மூணாவது வரிசையில உக்காந்து நான் பேசறதைக் கேப்பார். நல்ல மனுஷன், கொட்டாவியைக் கையால மறைச்சுப்பார். நான் வந்து நாலு மாசம் ஆச்சு. சம்பளம் வாங்கினேன், அறிவிப்பு வாசிச்சேன். கல்யாணம், சாவு எல்லாம் அவர் வீட்டு வாசலுக்குப் போச்சு. அவரும் பாவம், கேட்டவங்களுக்கு மறுக்கல.” ரபி ஒரு விளக்குத்தண்டை எடுத்துத் துடைத்தார். “உன் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி அவருக்கு அக்கி வந்துது. வேற வழியில்லாம என்னைக் கூப்பிட்டாங்க. நீ என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பிச்சே. உங்கம்மாகிட்ட என்ன சொன்னே தெரியுமா? ‘இந்தக் காது பெருத்த பையனா?’ன்னே. ரொம்பச் சன்னமாத்தான் சொன்னே. ஆனா காதுதான் பெருசாச்சே, கேட்டுடுச்சு.”

ரோஸ்லினுக்கு முகம் சுட்டது. ஐம்பத்தேழு வயதில், பெட்டிகளுக்கு நடுவில், இருபத்தாறு விளக்குத்தண்டுகளின் முன்னால்.

“ரபி... நான்...”

“அட, நன்றி சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்தேன். கல்யாணம் முடிஞ்ச மறுநாள் மில்ட் என்னை ‘ரபி’ன்னு கூப்பிட்டார். அதுவரைக்கும் ‘தம்பி’தான். அந்த வாரமே ரெண்டு பேர் அவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு என்னைக் கேட்டு வந்தாங்க. நீ அழுதுக்கிட்டே நின்னே பாரு, அந்தக் கல்யாணத்துலதான் நான் இந்த ஊருக்கு ரபியானேன். அந்த அக்கிக்கு நான் பட்டிருக்கற கடன் கொஞ்சமில்ல. ப்ளைஷாக்கர் கேட்டா வருத்தப்படுவார்.”

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆகப் பார்த்தது.

“டெவ்ரா கல்யாணத்தை நடத்த எனக்கு எவ்வளவு ஆசைன்னு உனக்குத் தெரியாது,” என்றார் காஸ்னர். “வரப்போறவங்களுக்கு இடம் விடறதுக்காக எனக்கு அக்கி வரணும்னு நீயும் வேண்டிக்க மாட்டே. அதனாலதான் சொல்றேன், கேட்டுடாதே.” சொல்லிவிட்டு, ஏற்கெனவே ஒட்டியிருந்த பெட்டியின் மேல் மறுபடி டேப் ஒட்ட ஆரம்பித்தார்.

ரோஸ்லின் கடிதத்தைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினாள்.

பதினோரு மணிக்குக் கமிட்டி கூடியது. மார்ட்டி தலைமை நாற்காலியில் இருந்தான். சுத்தியலுக்குப் பசை போட்டிருந்தான், ஆனால் இருபத்து நாலு மணி நேரம் காய வேண்டும் என்று டப்பாவில் எழுதியிருந்ததால் ஒரு கரண்டியால் தட்டி அமைதிப்படுத்தினான்.

ரோஸ்லின் எழுந்து, ஏழு இல்லை என்றால் ஏழு என்று அர்த்தம் என்பதை விளக்கினாள். கேட்கக் கேட்க கிரெட்சனின் முகம் வெளுத்தது.

“ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லல? ரெண்டு வருஷம் வகுப்புக்கு வந்தேன். பன்னெண்டு புத்தகம் படிச்சேன். ‘இல்ல’ன்னா ‘ஆமாம்’னு ஒரு புத்தகத்துலயும் போடலையே!”

“அது புத்தகத்துல இல்லம்மா,” என்றார் மில்ட். “எங்கப்பா வாயில இருந்துது. நீ கவலைப்படாதே. நாப்பது வருஷத்துல நான் சொன்னதை அப்படியே எழுதின ஒரே ஆள் நீதான். என் பிள்ளைகூடக் கேட்டதில்ல.”

கிரெட்சன் அதையும் எழுதிக்கொண்டாள்.

“ஆக, ஒன்பதாவது ஜெயிச்சாச்சு,” என்றாள் ரோஸ்லின். “ஏழுக்கு நாலு. திருத்திட்டியா, கிரெட்சன்?”

“திருத்திட்டேன்.”

“நல்லது. இப்ப நான் அதைத் திரும்ப வாங்கிக்கறேன்.”

கரண்டி கீழே விழுந்தது.

“நம்ம பொண்ணு கல்யாணம் ரோஸ்லின்!” என்றான் மார்ட்டி. “இந்தச் சபையோட தலைவர்ங்கற முறையில நான் இதை...”

“அப்பாங்கற முறையில சொல்லு.”

மார்ட்டி குனிந்து கரண்டியை எடுத்தான். “அப்பாங்கற முறையில, எனக்கு ஒண்ணும் புரியல.”

“மார்ட்டி, நம்ம கல்யாணத்துக்கு யார் வர்றதா இருந்துது?”

“ப்ளைஷாக்கர். அவருக்கு அக்கி வந்துது. நீ கார்ல வழி பூரா அழுதே. என் கைக்குட்டை, எங்கப்பா கைக்குட்டை ரெண்டும் போச்சு.”

“இதெல்லாம் ஏன் என்கிட்ட நீ சொல்லவே இல்ல?”

“முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தணும்னு இருந்தவன் அதைப் போய் ஞாபகப்படுத்துவானா?”

ரோஸ்லின் கமிட்டியைப் பார்த்து, காலையில் கேட்டதை நாலே வாக்கியத்தில் சொன்னாள். காது விஷயத்தையும் விடவில்லை. வரப்போகிறவரும் ஒரு கல்யாணம்கூடக் கிடைக்காமல் அறிவிப்பு வாசித்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்றாள். சொல்லி முடித்தபோது, போன வாரம் எதிராகக் கை தூக்கிய நாலு பேரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள். ஆதரவாகத் தூக்கிய மற்ற ஆறு பேரும் நாற்காலியில் நெளிந்தார்கள்.

“என் பேரனுக்குப் பதிமூணு வயசாகுது, பர் மிட்ஸ்வாச் சடங்கு அக்டோபர்ல வருது,” என்று ஒருவர் முணுமுணுத்தார். “உன் பொண்ணுக்கு ஒத்துக்கிட்டா, கூடவே அதுவும் நடந்துடும்னு இருந்தேன்.”

“நான் கை தூக்கினது என் சாவுக்கு,” என்றாள் பெர்னிஸ் ஸ்லாட்கின், எழுபத்தொன்பது வயது.

“இந்த வருஷமா போறதா உத்தேசம்?” என்றார் மில்ட்.

“காஸ்னர் இருந்தா யோசிச்சிருப்பேன். இனிமே தள்ளித்தான் போடணும்.”

ஒன்பதாவது போயிற்று. மீதி எட்டு நிபந்தனைகளை ஒருமுறை வாசித்துவிட்டு அனுப்பிவிடலாம் என்றான் மார்ட்டி. மூன்று வாரமாகப் பதினொரு பேரும் சண்டை போட்டுச் செதுக்கிய பட்டியல் அது. கிரெட்சன் கோர்ட் குரலில் வாசித்தாள்.

“வரப்போகும் ரபியிடம் நாங்கள் எதிர்பார்ப்பது. ஒன்று: பிரசங்கம் பதினாலு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு: நோயாளியைப் பார்க்கப் போகும்போது சூப் கொண்டு போகக் கூடாது, குதிரைப் பந்தயப் பக்கத்தோடு செய்தித்தாள் கொண்டு போக வேண்டும். மூன்று: கீழ்த்தளத்து பாய்லரை எந்த இடத்தில் உதைக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நான்கு: மேடை விளக்கின் ஸ்விட்ச் இடப்பக்கம் இருப்பதால் இடதுகைக்காரராக இருந்தால் நல்லது. ஐந்து: திருவாளர் மில்ட் டைட்டல் பாடும்போது சுருதி விலகினால், அவருக்குத் தெரியாமல் சபை முழுவதையும் அந்தச் சுருதிக்கே கொண்டுபோகத் தெரிந்தவராக...”

“எனக்கா சுருதி விலகுது?” என்றார் மில்ட்.

கிரெட்சன் கண்ணாடியைக் கழற்றினாள். “ஒரு சந்தேகம். இதைக் கோர்ட்டுல குடுத்தா, ஒரு மணி நேரத்துல ரபி காஸ்னரைக் கைது பண்ணிக் கொண்டு வந்துடுவாங்க.”

மூன்று வாரம், பதினொரு பேர், ஆறு கேக். முடிவில் புது ஆளைத் தேடுகிறோம் என்று பழைய ஆளுக்கு அங்க அடையாளம் எழுதி வைத்திருந்தார்கள்.

“பதினாறாம் பக்கம்,” என்றாள் ரோஸ்லின் திடீரென்று. “அதுல என்ன இருக்கு?”

கிரெட்சன் புரட்டினாள். “‘விடைபெறும் ரபிக்கு உங்கள் சபை எதற்காக நன்றி சொல்கிறது?’ இன்னும் காலியாத்தான் இருக்கு. வார்த்தை கிடைக்கலன்னு எல்லாரும் தள்ளிப் போட்டீங்க.”

“இந்தப் பட்டியலை அப்படியே தூக்கி அங்க போடு. ‘வேண்டும்’ங்கற இடத்துல எல்லாம் ‘இருந்தார்’னு மாத்திடு.”

கிரெட்சன் மாற்றினாள். மாற்றி வாசித்தாள். பதினாலு நிமிஷத்தில் முடித்தார். பந்தயப் பக்கத்தோடு வந்தார். பாய்லரை உதைத்தார். யாரும் இதுவரை கமிட்டி அறையில் அழுததில்லை, அதற்கு விதியிலும் இடம் இல்லை. இன்று அழுதார்கள்.

“என் புருஷன் ஹாரி போனப்ப,” என்றாள் பெர்னிஸ், “துக்கத்துல இருந்த ஏழு நாளும் வந்து ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருந்தார். மத்தவங்க எல்லாம் பேசினாங்க. அதையும் எழுதிக்கோ.”

ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல கிரெட்சனின் விரல் ஓடியது. கடைசியில் மார்ட்டி தொண்டையைச் செருமினான். எல்லோரும் ஒரு சொற்பொழிவுக்குத் தயாரானார்கள்.

“நான் தலைவரா இருந்த மூணு வருஷமும்,” என்றான், கரண்டியைத் திருப்பிக்கொண்டே, “என்கூடப் பேசறப்ப, நான் நிஜமாவே தலைவர்ங்கற மாதிரியே பேசினார்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ரோஸ்லின் மேஜைக்கு அடியில் அவன் முட்டியைத் தொட்டாள்.

இப்போது நன்றிப் பக்கம் நிரம்பி வழிந்தது. தேவைப் பக்கம் துடைத்துவிட்டாற்போல் காலி. மணி ஒன்று பத்து. ரோஸ்லின் பேனாவை எடுத்து ஒரு வரி எழுதினாள்: ‘ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ஒரு கல்யாணம். நடத்தி வைக்க ஒருவர் வேண்டும்.’

“அது உங்க வீட்டு விஷயமாச்சே?” என்றார் எதிர்க்கட்சி நால்வரில் ஒருவர்.

“வேற எதுக்குங்க ரபி? உங்க வீட்டு விஷயத்தையும் எழுதுங்க.”

எழுதினார்கள். அக்டோபரில் ஒரு பர் மிட்ஸ்வா. செப்டம்பரில் பிறக்கப் போகும் ஒரு குழந்தைக்குப் பெயர். ஒரு கல்லறைக் கல் திறப்பு. “என்னுது தேதி இன்னும் முடிவாகல,” என்று எழுதச் சொன்னாள் பெர்னிஸ்.

“அனுப்பிடலாமா?” என்றாள் கிரெட்சன்.

“பத்து நிமிஷம் பொறு,” என்று ரோஸ்லின் போனோடு வெளியே போனாள். வராந்தாவில், ஈரக் கோட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு மகளைக் கூப்பிட்டாள். காலையில் கொடுத்த வாக்கை ஐந்து மணி நேரத்தில் திரும்ப வாங்குவது எப்படி என்று எந்தப் படிவத்திலும் இல்லை. நேராகச் சொல்லிவிட்டாள். அக்கி, அழுகை, காது, எல்லாவற்றையும்.

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட்டது.

“என்னைக் கேக்காமலே வாபஸ் வாங்கிட்டியா?” டெவ்ராவின் குரல் சில்லென்றிருந்தது.

“நிபந்தனை நான் போட்டது, எடுத்துட்டேன். ஆனா உன் கல்யாணத் தேதியைப் படிவத்துல எழுதியிருக்கேன். அதை உன்னைக் கேக்காம அனுப்ப மாட்டேன். வேணாம்னு சொன்னா அடிச்சிடறேன். சிகாகோலேயே யாரையாவது பார்த்துக்கலாம்.”

“அவர் என்ன சொன்னார்?”

“ரொம்ப ஆசையாம். அதனாலதான் கேக்காதேன்னார்.”

டெவ்ரா மூக்கை உறிஞ்சினாள். “அந்த வரப்போற ஆள் மட்டும் என் பேரைச் சீட்டுல பார்த்துப் படிக்கட்டும்...”

“மனப்பாடம் பண்ண வைக்கறேன்.”

“விருந்தாளியா வரலாமா அவர்? சும்மா. மூணாவது வரிசையில உக்காந்துக்கிட்டு?”

“அதுக்குப் புது ரபி அனுமதி குடுக்கணும். கேக்கறேன். முதல்ல அதைத்தான் கேப்பேன்.”

“மூணாவது வரிசையில அவர் இருந்தாப் போதும்மா. நான் திரும்பிப் பார்த்தா அவர் முகம் தெரியணும்.” இன்னொரு உறிஞ்சல். “சரி, அனுப்பு. ஆனா இதை நீ என் காலை உடைச்சிட்டு ஊன்றுகோல் குடுத்த மாதிரிதான் கணக்கு வச்சிருக்கேன்.”

“வச்சுக்கோடி கண்ணு,” என்றாள் ரோஸ்லின். அவளுக்கு அந்த நிமிஷம் உலகத்தில் எல்லோர் மேலும் நன்றியாக இருந்தது. ப்ளைஷாக்கர் மேல்கூட.

ஒன்று ஐம்பத்தாறுக்குப் படிவம் போயிற்று.

சாயங்காலம், இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு, டைட்டல் வீட்டில் மூவரும் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நியூயார்க் அலுவலகத்தின் ஷோஷானா வெக்ஸ்லர். ஓய்வுநாள் என்று சனிக்கிழமை முழுக்கத் தொடாத போனை ஞாயிற்றுக்கிழமை வட்டியோடு தொடுகிறவள்.

“ரோஸ்லின், நூத்துக்கணக்குல படிவம் பார்த்திருக்கேன். தேவைப் பக்கத்துல ‘தேதி இன்னும் முடிவாகல’ன்னு ஒருத்தர் சாவைப் போட்டு இப்பதான் பார்க்கறேன். பக்கத்துலேயே இருந்த ஒருத்தங்ககிட்டப் படிச்சுக் காட்டினேன். ரபி டிர்ஸா லெவென்டால். பிட்ஸ்பர்க். அறுபது வயசு, இடைக்கால வேலைதான் தேடறாங்க. முழுக்கக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. பாய்லரை எந்தப் பக்கம் உதைக்கணுமாம்?”

ரோஸ்லின் போனை மேஜையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்தாள். மார்ட்டி எழுந்து நின்றே விட்டான்.

“ஒரே ஒரு சிக்கல்,” என்றாள் ஷோஷானா. “நீங்க முதல் வரியில போட்டிருக்கற ஞாயிறு. மத்த எல்லா நாளும் சரி, அன்னிக்கு மட்டும் அவங்களால முடியாது. அன்னிக்கு அவங்க பொண்ணுக்குக் கல்யாணம்.”

மில்ட் ஸ்பூனைக் கீழே வைத்தார். மார்ட்டி உட்கார்ந்தான். ரோஸ்லினுக்குத்தான் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“பொண்ணு கல்யாணத்தை அவங்களே நடத்தி வைக்கறாங்களா?” என்று கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“மாட்டாங்களாம். அன்னிக்கு ஒரு நாளாவது முன்னாடி நிக்காம, அம்மாவா ஒரு ஓரமா உக்காந்து அழணுமாம். வர்றதா இருந்த ரபிக்கு முட்டி ஆபரேஷன். ஆள் தேடிக்கிட்டிருக்காங்க. கல்யாணம் பிட்ஸ்பர்க்ல, உங்களுக்கு மூணு மணி நேரம்தானே? அந்த ஞாயிறு வேலை இல்லாத நல்ல ரபி யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?”

ரோஸ்லினின் சிரிப்பு நின்றது.

தெரியும். ஜூனுக்கு அப்புறம் ஒரு வேலையும் இல்லாத ஒருவரை, மறுக்கத் தெரியாத ஒருவரை, அவளுக்கு மிக நன்றாகத் தெரியும். அவர் பெயரைச் சொன்னால் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடக்கும், ஒரு அம்மா நிம்மதியாக அழுவாள், அவருக்கும் அந்த ஞாயிறு கை சும்மா இருக்காது. சொன்னால், டெவ்ரா திரும்பிப் பார்க்கும்போது மூன்றாவது வரிசை காலியாக இருக்கும்.

மார்ட்டி வேண்டாம் என்று தலையாட்டினான். மில்ட் சொல் என்று தலையாட்டினார்.

“ரோஸ்லின்? இருக்கீங்களா?” என்றது போன்.

“இருக்கேன்,” என்றாள் ரோஸ்லின். “அந்தப் பொண்ணு பேர் என்ன? எங்க ரபி காஸ்னர் சீட்டுல பார்த்துப் படிக்க மாட்டார்.”